பத்தாயிரத்தில் ஒரு நொடி

இரவில் பறக்கும் ஆந்தையைப் படமெடுப்பதில் உள்ள பெரும் இடர் வெளிச்சக் குறைவு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அதைவிடக் கடினமானது நேரக் கணக்கு. புல்வெளியின் மீது தாழப் பறந்து இரை தேடும் கூகை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் அதன் உடல் 5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கீழ்நோக்கி வீசும் சிறகின் நுனி அதைவிட விரைவாக நகர்வதால், இறகுகளின் வரிகள் படத்தில் கலங்கிப்போகும். உடலின் நகர்வை அரை மில்லிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால், ஒளி பதியும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு நொடியாகச் சுருங்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் இருட்டில் போதிய ஒளியைப் பாய்ச்சுவது எப்படி என்பதே இக்கலையின் வரலாறு.

அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ், மக்னீசியப் பொடியைக் கொளுத்தி இரவில் எடுத்த காட்டு விலங்குப் படங்கள் 1906 இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் வெளியாகிப் புகழ்பெற்றன. எனினும் பொடி எரிந்து அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் நின்றிருக்கும் மானுக்குப் பொருந்துமே தவிர, பறக்கும் பறவைக்கு மிக நீண்டது. மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்னூட்டத்தை வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே ஒரே வீச்சில் பாய்ச்சி மிகக் குறுகிய ஒளித்துடிப்பை உண்டாக்கும் முறையை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1930களில் வளர்த்தெடுத்த பிறகே அந்தத் தடை நீங்கியது. இங்கிலாந்தில் இந்த மின்னணு ஃபிளாஷைப் பறவைகளிடம் கொண்டுசென்ற முன்னோடிகளில் ஒருவர் எரிக் ஹாஸ்கிங் (1909–1991). 1937 இல் வேல்ஸ் பகுதியில், கூட்டைக் காக்கும் மூர்க்கத்துக்குப் பேர்போன டாவ்னி ஆந்தை ஒன்று தாக்கியதில் இடக்கண்ணை இழந்த அவர், அதன்பின்னும் ஆந்தைகளை விடவில்லை. இரையை அலகில் கவ்வியபடி சிறகு விரித்து நிற்கும் கூகையை 1948 இல் அவர் எடுத்த படம் இன்றும் இத்துறையின் அளவுகோலாகப் பேசப்படுகிறது.

ஃபிளாஷ் செயல்படும் விதத்தில் முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஒரு செய்தி உண்டு. கேமராவின் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை முழுதும் விலகி, இரண்டாம் திரை மூடத் தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளியில்தான் ஃபிளாஷ் ஒளிர வேண்டும் என்பதால், பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் வேகத்தை இருநூறில் ஒரு நொடி அளவுக்கு மேல் கூட்ட இயலாது. பகலில் இந்த வேகத்தில் ஆந்தையின் சிறகு வெறும் புகைமூட்டமாகவே பதியும். இருட்டிலோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் பதிவதற்கு வேறு ஒளி இல்லாததால், ஃபிளாஷ் எரியும் கணம் மட்டுமே படமாகிறது. இருளே ஷட்டரின் வேலையைச் செய்கிறது எனலாம். மேலும், கேமராவின் தலையில் பொருத்தும் வகை ஃபிளாஷ்கள் ஒளியின் அளவைக் குறைக்க, மின்னோட்டத்தை இடையிலேயே துண்டிக்கின்றன. முழு ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி எரியும் விளக்கு, பதினாறில் ஒரு பங்கு ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு நொடி மட்டுமே எரிகிறது. ஆகவே விளக்கின் ஆற்றலைக் கூட்டக் கூட்டப் படம் கலங்குகிறது, குறைக்கக் குறைக்கத் தெளிகிறது. குறையும் வெளிச்சத்தை ஈடுசெய்யப் பல ஃபிளாஷ்களை ஒன்றாக இயக்குவதும், தொலைவு பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்ற விதிப்படி அவற்றை முன்னே நகர்த்துவதும் வழக்கம்.

இருட்டில் விரைந்து வரும் பறவையைத் தானியங்கிக் குவியம் பின்தொடர்வது அரிது என்பதால், பகலிலேயே ஒரு குச்சியை நட்டு அதன்மீது லென்ஸைக் குவித்து, வளையத்தை ஒட்டுநாடாவால் அசையாமல் கட்டிவிடுகின்றனர். ஆந்தை குறுக்கிடும்போது கேமராவை முடுக்குவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். ஆணை பிறந்து ஷட்டர் திறக்க இருபதில் ஒரு நொடி ஆகும் கேமராவில், அதற்குள் பறவை 25 சென்டிமீட்டர் கடந்துவிடும். எனவே கதிரைக் குவியப் புள்ளிக்கு அவ்வளவு முன்னதாக அமைக்க வேண்டும். ஒளியளவை முன்கூட்டியே கணிக்க ஃபிளாஷ் வெளியிடும் முன்மின்னலும் தாமதம் சேர்ப்பதால், அந்த வசதி அணைக்கப்பட்டு அளவுகள் கையால் வைக்கப்படுகின்றன. இவ்வளவுக்கும் அடிப்படை, ஆந்தை அந்த வழியேதான் வரும் என்ற அறிவு. எந்த வேலிக்கம்பத்தில் அது அமர்கிறது, எந்த இடைவெளியில் நுழைகிறது என்பதைப் பல இரவுகள் கவனிக்காதவருக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் உதவாது.

சரியாக அமைந்த படத்தில், சிறகின் முன்விளிம்பில் உள்ள இறகில் வரிசையாக நீண்டு வளைந்த மெல்லிய சீப்புப் பற்கள் தனித்தனியே தெரியும். காற்றோட்டத்தின் கொந்தளிப்பைக் குறைப்பதில் பங்குகொள்ளும் இப்பற்களும், பின்விளிம்பின் குஞ்சமும், மேற்பரப்பின் வெல்வெட் போன்ற மென்மையும் சேர்ந்தே ஆந்தையின் பறப்பை ஓசையற்றதாக்குகின்றன. முழு இருட்டிலும் கூகை ஓசையை மட்டும் கொண்டு எலியைப் பிடிக்கும் என்பதை அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் சோதனைகளால் நிறுவினார். அதன் இரு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் அமையாததால், ஓசை பிறக்கும் உயரத்தையும் அது கணிக்கிறது. இத்தகைய காதுக்கு அருகில் ஷட்டர் சடசடவென்று ஒலிப்பது சிறிய தொல்லையன்று.

கண்ணைப் பொறுத்தவரை, ஆந்தை மனிதரைவிட நூறு மடங்கு கூர்மையாக இருளில் காண்கிறது என்ற நம்பிக்கை மிகையானது. டாவ்னி ஆந்தையில் கிரஹாம் மார்ட்டின் செய்த ஆய்வு, அந்த மேம்பாடு சில மடங்கைத் தாண்டாது என்று காட்டியது. ஆயினும் மங்கிய ஒளியைத் திரட்டவே அமைந்த அக்கண்ணுக்கு நேரெதிரே ஃபிளாஷை நிறுத்தாமல், குறைந்த ஆற்றலில் பக்கவாட்டில் வைப்பதே முறை.

பிரிட்டனில் கூகை 1981 ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதால், கூட்டருகே அதற்குத் தொந்தரவு தருவது, உரிமம் இல்லாத நிலையில், குற்றமாகும். சட்டம் கூட்டைக் காக்கிறது. வேட்டையாடும் வெளியில் பொறுப்பு படமெடுப்பவருடையது. ஓசையின்றிப் பறக்க உதவும் மென்மையான இறகுகள் மழையில் எளிதில் நனைந்துவிடுவதால், அடைமழை இரவுகளில் கூகை பட்டினி கிடக்க நேர்கிறது. மழை விட்டதும் அந்தி சாயக்கூடக் காத்திராமல் அது வெளியே வருகிறது. படமெடுக்க மிக எளிதாக அது அகப்படும் அந்த வேளையில், ஒரு எலியைத் தவறவிடுவதும் அதற்குப் பேரிழப்பு.