ஒரே லைன், தனித்தனி நாடா



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் ஏதாவது சின்ன ஆபீசுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கத்தான் போகிறோம். நம்ம காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் கம்ப்யூட்டர், ஜக்கார்டு டிசைன் வரையும் கம்ப்யூட்டர், சேலை வாங்க வந்தவரின் செல்போன், எல்லாம் ஒரே வைஃபையில். புது பார்டர் டிசைனும் நெசவாளர் கூலிக் கணக்கும் எப்படிப் பத்திரமாக இருக்கும்?

ரௌட்டர் உள்ளே இருக்கும் கருவிகளுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரி கொடுக்கிறது. இவை உள் நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கியவை. வெளி இணையத்தில் செல்லாது. வெளியே போகும்போது எல்லோருக்கும் ரௌட்டரின் பொது முகவரிதான். நாம் கேட்டதற்கு வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும். கேட்காமல் வருவதைப் பொதுவாக வாசலிலேயே நிறுத்திவிடும்.

அப்புறம் என்ன பயம் என்கிறீர்களா? திருடன் உள்ளேயே இருந்தால் வாசல் பூட்டு என்ன செய்யும்? 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை' வைரஸ், விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானே தாவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே பிரித்து வைப்பதே வழி. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்ததை அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு சேர்ந்த நிர்வாக நெட்வொர்க்கில் இருந்தது. முக்கிய உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் நிலையத்துக்குப் பாதிப்பில்லை என்றும் கழகம் சொன்னது.

எங்கள் வீடு தறி வீடு. லீவு நாளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா தள்ளியிருக்கிறேன். தறி ஒன்றுதான், ஆனால் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. நிறம் கலக்காது. நெட்வொர்க்கும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. வருகிறவர்களுக்கு ரௌட்டரில் 'கெஸ்ட்' வைஃபை தனியாகத் திறங்கள். அதிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் தெரியக்கூடாது.

2. ரௌட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வெளியிலிருந்து ரௌட்டரை இயக்கும் வசதியை மூடுங்கள்.

3. வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3, நீளமான பாஸ்வேர்டு.

4. ஃபோல்டரை 'எல்லோருக்கும்' என்று ஷேர் செய்யாதீர்கள். தேவைப்பட்டவர் பெயருக்கு மட்டும் கொடுங்கள்.

5. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

இதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை, அரைமணி நேர வேலைதான். ஒரு டிசைனுக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைக் காக்கும் பொறுப்பு இனி நம் கையிலும் இருக்கிறது!