எடிட் லாக் இருந்தும் ஆடிட்டர் ஏன் குறை எழுதுகிறார்?

மார்ச் 31 நெருங்க நெருங்க, சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்தும் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: எடிட் லாக் (திருத்தப் பதிவு) உள்ள கணக்கு மென்பொருளுக்கு மாறிய பிறகும் ஆடிட்டர் அறிக்கையில் குறை எழுதுவது ஏன்? 'விதிக்கு உட்பட்டது' என்று விற்பவர் சொல்வது அவருடைய கூற்று மட்டுமே. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கான அந்த அரசு விதியில், மென்பொருளுக்குச் சான்றளிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, இருமுறை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தணிக்கைத் தடம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியோடு பதிவு, தடத்தை யாரும் நிறுத்த முடியாத ஏற்பாடு ஆகியவற்றைக் கேட்கிறது. அரசு தன் கையால் எழுதிய மென்பொருள் தேவைப் பட்டியல் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அது பாதியில் நிற்கிறது. திருத்தியவர் யார் என்பதைப் பதியச் சொல்லவில்லை. எந்த வழியாக நடந்த திருத்தம் என்றும் பிரித்துச் சொல்லவில்லை.

கோளாறு அந்த 'வழி'யில்தான். கணக்காளர் திரையில் 50,000 ரூபாய் பில்லை 5,000 என்று திருத்தினால் மென்பொருள் அதைக் குறித்துக்கொள்ளும். ஆனால் அந்த எண் உட்கார்ந்திருப்பது டேட்டாபேஸில். அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் நேராக அங்கேயே போய் மாற்றினால் மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது. எடிட் லாகில் ஒரு வரிகூட விழாது. பல மென்பொருள்களில் அந்த லாகும் அதே டேட்டாபேஸில் இன்னோர் அட்டவணைதான் என்பதால், அதையும் அவரால் அழிக்க முடியும். முன்வாசலில் காவல், பின்வாசல் திறந்தபடி. 2023-24ஆம் ஆண்டுக்கான தணிக்கை அறிக்கைகளில், பெரிய கம்பெனிகள் உட்படப் பலவற்றில், டேட்டாபேஸ் மட்டத்தில் தடம் இயங்கவில்லை என்ற குறிப்பு இடம்பெற்றது இதனால்தான். தடம் ஆண்டு முழுவதும் எல்லாப் பரிவர்த்தனைக்கும் இயங்கியதா, யாரும் அதில் கைவைத்தார்களா என்று ஆடிட்டர் எழுதியாக வேண்டும். பார்க்க முடியாத இடத்துக்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

எனவே மென்பொருளுக்கு ஆர்டர் கொடுக்கும்போது 'தணிக்கைத் தடம் வேண்டும்' என்று எழுதினால் போதாது. 'டேட்டாபேஸில் நேரடியாக மாற்றினாலும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஆள், நேரம் நான்கும் வேறோர் இடத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அட்மினாலும் அழிக்க முடியக் கூடாது' என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் ஒப்படைக்கும் நாளிலேயே, உங்கள் கண்முன் ஓர் எண்ணை மாற்றச் சொல்லிச் சோதித்துவிடலாம். சோதிக்க முடியாத தேவை என் கணக்கில் தேவையே அல்ல. எல்லாவற்றையும் பதிந்தால் வேகம் குறையும், சேமிப்பிடம் பெருகும் என்று விற்பவர் சொல்வது நியாயம்தான். எந்தெந்த அட்டவணைகளுக்கு இது வேண்டும் என்று அவரோடும் ஆடிட்டரோடும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது, பணம் கொடுப்பதற்கு முன்.

மற்ற கேள்விகள்:

கூட்டு வணிகம், தனிநபர் கடைக்கு? இந்த விதி கம்பெனிகளுக்கு மட்டும்.

கையால் எழுதும் கணக்கு? மென்பொருள் இல்லையென்றால் பொருந்தாது.

தடத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பது? கணக்குப் புத்தகங்களைப் போல 8 ஆண்டு.

மென்பொருள் கிளவுடில் இருந்தால்? டேட்டாபேஸ் சாவி விற்பவரிடம் இருக்கிறது. அதை யார் தொடுகிறார்கள் என்பதற்கு வெளித் தணிக்கையாளரின் அறிக்கை கேளுங்கள்.

தடத்தை இப்போது இயக்கினால் இந்த ஆண்டு சரியாகுமா? ஆகாது, அடுத்த ஆண்டுக்கு ஏப்ரல் 1 அன்றே ஓட வேண்டும்.