கொடியை எந்த மாதம் வெட்டுவது?

இங்கிலாந்தில் பல வருடம் கத்தரி படாத கிளெமாட்டிஸ் கொடி பார்ப்பதற்குக் கலைந்த குருவிக்கூடு மாதிரி இருக்கும். கீழே ஆள் உயரத்துக்கு ஓர் இலைகூட இல்லாமல் சுள்ளி சுள்ளியாய்ப் பழுப்புத் தண்டுகள். பூவெல்லாம் உச்சியில், அதுவும் வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டார் பார்க்கும் பக்கமாக. கொடிக்குச் சொந்தக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து சகட்டுமேனிக்கு வெட்டித் தள்ளுவார். அடுத்த வசந்தத்தில் கொடி செழிப்பாகத் தழைத்து நிற்கும். பூ மட்டும் ஒன்றுகூட இருக்காது.

வெட்டிய மாதம் தப்பு.

கிளெமாட்டிஸ் பேரினத்தில் ஏறக்குறைய முந்நூறு சிற்றினங்கள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சில, காட்டுக்கொடியாகப் புதர்மேல் படர்ந்து கிடக்கின்றன. இதன் பூவில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிதான். ஏறும் விதமும் தனி. அவரை தண்டாலேயே சுற்றிக்கொண்டு ஏறும். பாகற்கொடிக்குச் சுருள் கம்பி இருக்கிறது. வெற்றிலை கணுவில் வேர்விட்டுப் பற்றும். கிளெமாட்டிஸுக்கு இலைக்காம்புதான் கை. எதன்மேல் பட்டாலும் காம்பு வளைந்து அதைப் பிடித்துக்கொள்ளும். சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி 1865-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், இந்தக் காம்புகளைக் குச்சியால் தேய்த்தும், இலேசான நூல் வளையங்களைத் தொங்கவிட்டும் சோதித்ததை எழுதியிருக்கிறார்.

காம்பு காய்ந்தபின் அந்தப் பிடி கம்பி முடிச்சு போல இறுகிவிடும். சிக்கலான கொடியில் ஒரு தண்டைப் பிடித்து இழுத்தால் நல்ல தண்டு நாலு முறிவதற்கு இதுவே காரணம். அனுபவப்பட்டவர்கள் இழுக்க மாட்டார்கள். வெட்ட வேண்டிய தண்டை அடியில் நறுக்கி அப்படியே விட்டுவிடுவார்கள். சில நாளில் அதன் இலைகள் வாடிக் கருகும். எது போக வேண்டிய தண்டு என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். துண்டு துண்டாக உருவிவிடலாம். சாறு பட்டால் சிலருக்குத் தோல் எரியும் என்பதால் கையுறை தேவை.

சரி, எந்த மாதம்? அதற்கு விடை, பூ எந்தத் தண்டில் வருகிறது என்பதில் இருக்கிறது. இமயமலையில் விளையும் மொண்டானா வகையை 1831-இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர், இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவரின் மனைவி ஆம்ஹர்ஸ்ட் சீமாட்டி. பன்னிரண்டு மீட்டர் வரை ஏறும் முரட்டுக்கொடி அது. பூப்பது மே மாதத்தில், போன வருடத்துத் தண்டில். குளிர்காலத்தில் அதை வெட்டினால் மொட்டோடு சேர்த்து வெட்டியதாகிவிடும். பூ உதிர்ந்த கையோடு வெட்டினால்தான் அடுத்த வருடப் பூவுக்கான தண்டு வளர நேரம் கிடைக்கும்.

ஜாக்மேனி இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் வோக்கிங் ஊரில் இருந்த ஜாக்மேன் நாற்றுப்பண்ணையில் உருவாகி 1862-இல் முதன்முதலாகப் பூத்த கலப்பின வகை இது. ஊதாப் பூக்கள் கோடையில், அந்த வருடத்துப் புதுத் தளிரில் வரும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் விட்டு மீதியை மொத்தமாக வெட்டிவிடலாம். முதன்முறை வெட்டுபவருக்குக் கை நடுங்கும். கொடிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ‘நெல்லி மோசர்’ போன்ற பெரும்பூ வகைகள் இருக்கின்றன. இவை முதலில் பழைய தண்டில் பூத்து, கோடைக் கடைசியில் புதுத் தளிரிலும் கொஞ்சம் பூக்கும். இவற்றில் பட்டதையும் மெலிந்ததையும் மட்டும் கழித்தால் போதும்.

எங்கே வெட்டுவது என்பது எளிது. கிளெமாட்டிஸில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். இரண்டின் கக்கத்திலும் மொட்டு. அந்த ஜோடிக்குச் சற்று மேலே நேராக நறுக்கினால் இரண்டு கிளைகள் கிளம்பும். ரோஜாவுக்குச் சொல்கிற சாய்வு வெட்டு இங்கே வேண்டாம்.

நுனியை வெட்டினால் பக்கம் ஏன் துளிர்க்கிறது? நுனிக்கொழுந்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை கணு மொட்டுகள் உறங்கும். தாவர ஆய்வாளர்கள் கென்னத் திமான், ஃபோக் ஸ்கூக் இருவரும் 1930-களில் அவரைக் குடும்பச் செடியின் நுனியைக் கிள்ளி, வெட்டுவாயில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் மொட்டுகள் எழவில்லை. புடலைக்கும் பூசணிக்கும் கொழுந்து கிள்ளும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதன் பாதி வெகுகாலமாகத் தெரியும்.

முற்றிலும் மண்டிப்போன கொடியை ஒரே நாளில் திருத்த ஆசைப்படுவதுதான் பெரிய வினை. மொண்டானாவின் முதிர்ந்த தடித்த தண்டை அடியோடு வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும் என்ற உறுதி இல்லை. பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை மட்டும் தாழ வெட்டி, மீதியை அடுத்த இரண்டு வருடத்துக்குப் பிரித்துக்கொள்வது நல்லது. வெட்டிய பிறகு உரமும் தண்ணீரும் தாராளமாக வேண்டும்.

தமிழ்நாட்டு மல்லிகைக் கொல்லைகளில் இதே கணக்கு கவாத்து என்ற பெயரில் நடக்கிறது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இரண்டுக்கும் உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். மூன்றுமே புதுத் தளிரில் பூப்பவை. விட்டால் கொடியாக ஓடக்கூடிய குண்டுமல்லி, வருடா வருடம் இடுப்பளவுப் புதராகவே நிற்பதும் கவாத்தால்தான். மாடியில் ஏறிய காகிதப்பூவும் இரங்கூன் மல்லியும் இதே கட்சி.

வாசலில் பெயர் தெரியாத கொடி ஒன்று மண்டிக் கிடந்தால் இந்த வருடம் கத்தரியை எடுக்காதீர்கள். பூ வரும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். பச்சைத் தளிரில் வந்திருந்தால், அடுத்த பருவத்துத் துளிர் கிளம்பும் முன் வெட்டுங்கள். பழுப்புத் தண்டில் வந்திருந்தால், பூ உதிர்ந்த அதே வாரத்தில் வெட்டுங்கள். எந்த மாதம் என்பதைக் காலண்டரில் மறக்காமல் குறித்து வையுங்கள்.