நாலு கோட்டில் ஒரு நாடோடி

கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலே ஒரு வட்டத் தொப்பி வரையுங்கள். அதன் கீழே துண்டு மீசை. பக்கத்தில் வளைந்த கைத்தடி. கீழே இடப்புறமும் வலப்புறமும் பார்த்து நிற்கும் இரண்டு பெரிய பூட்சுகள். அவ்வளவுதான். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. ஆயினும் அவ்வழியே போகிற சிறுவன் நிற்பான், பார்ப்பான், "சாப்ளின்!" என்று கூவுவான்.

மன்னாதி மன்னர்களை ஆளுயரத்துக்குத் தீட்டினார்கள். எண்ணெய் வண்ணம், தங்கச் சட்டம், அரண்மனைக் கூடம்! கீழே பெயர்ப் பலகை இல்லையென்றால், அந்தக் கிரீடக்காரர் யார் என்று இன்று எவருக்குத் தெரியும்? கந்தல் காற்சட்டைக்காரனுக்கோ பெயர்ப் பலகையே தேவைப்படவில்லை.

இந்த நாலு கோட்டைப் பற்றி நாம் எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வல்லரசு எந்த மனிதனுக்குத் தன் வாயிற்கதவைச் சாத்தியதோ, அதே மனிதனின் உருவத்தைப் பிறகு தன் அஞ்சல் தலையிலே அச்சிட்டது. வரைந்து கொடுத்த கை, ஆல் ஹிர்ஷ்பீல்டு என்ற அமெரிக்க ஓவியருடையது.

நகைச்சுவை நடிகரை வரைவது எளிது என்று எண்ணுவோர் உண்டு. மூக்கைக் கொஞ்சம் நீட்டு, காதைக் கொஞ்சம் இழு, வேலை முடிந்தது என்பார்கள். இல்லை! கதாநாயகனின் முகம் புகழ்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும். நம் சென்னையில், சினிமா பேனர்களைக் கையால் தீட்டிய காலத்தில், 'ஸ்டில்' மீது கட்டம் போட்டு, துணியிலே அதைவிடப் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் முகத்தைப் பெரிதாக்கினார்கள். நாயகனின் கன்னத்திலே ரோஜா நிறத்தை அள்ளிப் பூசலாம். எவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நாகேஷை அப்படித் தீட்ட முடியுமா? அம்மைத் தழும்பை மறைத்தால் நாகேஷே மறைந்து போவார்! அந்த ஒல்லி உடம்பைக் கொஞ்சம் சதை வைத்து வரைந்தால், அங்கே நிற்பது வேறு எவனோ. பேனரின் மூலையிலே சிறிதாக வரையப்பட்ட முகந்தான், வரைகிறவனுக்குப் பெரிய சோதனை.

புகைப்படம் இருக்கிறதே, ஓவியம் எதற்கு என்கிறீர்களா? லாரலும் ஹார்டியும் சேர்ந்து நிற்கும் புகைப்படத்தைப் பாருங்கள். ஒருவர் பருத்தவர், மற்றவர் மெலிந்தவர். அதைத்தான் காமிரா காட்டும். ஆனால் நாம் எதற்குச் சிரித்தோம்? செய்வதறியாத ஹார்டி கழுத்துப் பட்டையின் நுனியைப் பிடித்து ஆட்டுவாரே, அதற்கு! லாரல் அழுகிற முகத்தோடு உச்சித் தலையைச் சொறிவாரே, அதற்கு! நகைச்சுவை முகத்தில் இல்லை, அசைவில் இருக்கிறது. அசைவதை அசையாத தாளில் பிடிக்க வேண்டும். படம் முழுதும் சிரிக்காமலே நம்மைச் சிரிக்க வைத்த பஸ்டர் கீட்டன், 'கல்முகம்' என்று பெயர் எடுத்தவர். கல்லை வரைந்து அதிலே சிரிப்பைக் காட்டு என்றால், தூரிகை நடுங்காதா?

ஹிர்ஷ்பீல்டின் கை நடுங்கவில்லை. 1903-இல் செயின்ட் லூயியில் பிறந்தவர். இளமையில் சினிமாக் கம்பெனிகளின் விளம்பரப் பகுதியில் வேலை பார்த்தார். 1926-இல் நியூயார்க் நாடகக் கொட்டகை ஒன்றில் உட்கார்ந்து, நிகழ்ச்சித் தாளின் ஓரத்திலே நடிகர் ஒருவரைக் கிறுக்கினார். பக்கத்திலிருந்த விளம்பர நண்பர், அதை நல்ல தாளில் வரைந்து தரச் சொல்லி ஏட்டுக்குக் கொண்டு போனார். அந்தக் கிறுக்கல்தான் எழுபத்தைந்து ஆண்டுத் தொழிலாயிற்று! இருட்டுக் கொட்டகையிலே பையில் வைத்த சிறு குறிப்பேட்டில் குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து, பழைய முடிதிருத்தும் நாற்காலி ஒன்றில் அமர்ந்து, பேனாவாலும் மையாலும் வரைவார். ஓவியருக்கு முடிதிருத்தும் நாற்காலி எதற்கு? ஏறும், இறங்கும், சுழலும். வரைகிறவனுக்கு வேறென்ன வேண்டும்!

தொடக்கத்தில் அவரும் வண்ணக்காரர்தான். 1932-இல் பாலித் தீவிலே தங்கினார். அங்கே அடிக்கிற வெயிலில் நிறங்களெல்லாம் வெளிறி, மனிதர்கள் வெறும் கோடும் நிழலுமாகத் தெரிந்தார்கள்; வண்ணத்தை விட்டுக் கோட்டைப் பற்றிக்கொண்டது அதனால்தான் என்று பின்னாளில் அவர் சொன்னதுண்டு. அதே ஆண்டு உலகம் சுற்றி வந்த சாப்ளினும் பாலிக்கு வந்தார். இருவரும் அங்கே சந்தித்தார்கள். கோட்டைத் தேடிய ஓவியன் எதிரே, கோடாகவே ஆகிவிட்ட மனிதன்!

சாப்ளின் அந்த உருவத்தைத் திரைக்குக் கொண்டு வந்தது 1914-இல். தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான சட்டை. சின்னத் தொப்பி, பெரிய பூட்சு. ஒன்றுக்கொன்று பகை! அந்தப் பகையிலேதான் ஓவியனுக்கு வேலை. கனவான் ஆக ஆசைப்படுகிற ஏழை, ஏழ்மையை மறைக்கத் தெரியாத கனவான், இரண்டையும் ஒரே உருவத்தில் காட்ட வேண்டும். தொப்பியின் சாய்வு தவறினால் குடிகாரன் ஆகிவிடுவான். பூட்சின் கோணம் தவறினால் கோமாளி ஆகிவிடுவான்.

மீசை இருக்கிறதே, அது தனிக் கதை. அதே மீசையை வைத்துக்கொண்டு இன்னொருவனும் உலகத்தை ஆட்டி வைத்தான். இருவரும் பிறந்தது 1889 ஏப்ரலில். நாலே நாள் இடைவெளி. ஒரே கறுப்புக் கோடு! மேலே தொப்பி வைத்தால் குழந்தைகள் ஓடி வருவர். தொப்பியை எடுத்துவிட்டு நெற்றியிலே மயிர்க்கற்றையைச் சரியவிட்டால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் ஓடுவர். சாப்ளின் அதை அறிந்தார். 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் அந்த மீசையைக் கொண்டே அந்த மனிதனைச் சிரிப்புக்கு ஆளாக்கினார்.

ஹிர்ஷ்பீல்டு என்ன செய்தார்? 1930-களில் இடதுசாரி ஏடு ஒன்றுக்கு அவரும் அரசியல் படம் வரைந்தவர்தான். வானொலியிலே முழங்கிய பாதிரியார் ஒருவரைக் கண்டித்து வரைந்த படத்தை அந்த ஏடு வெளியிட மறுத்தது. அதோடு அரசியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். இதிலே நமக்கு உடன்பாடு இல்லை. ஓர் ஏட்டின் ஆசிரியர் அஞ்சினால், இன்னொரு ஏடு இல்லையா? எழுத்தும் ஓவியமும் எதிர்ப்பைக் கண்டு வீடு திரும்பலாமா? ஆயினும் அவரிடத்திலே ஒன்றை நாம் வணங்குகிறோம். உறுப்பைக் கேலி செய்வதை அவர் விரும்பவில்லை. பெரிய மூக்கை இன்னும் பெரிதாக்குவது கலையாகாது, அந்த மனிதனின் இயல்பைக் கோட்டில் கொண்டு வருவதே தம் வேலை என்று கருதினார். நலிந்தவனின் உடற்குறையை நையாண்டி செய்து பிழைக்கும் பேனாக்கள் நம் நாட்டிலும் நிறைய உண்டு. அவர்கள் இவரிடம் பாடம் கேட்கட்டும்!

இனி, கதவைச் சாத்திய கதை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் பிரிட்டிஷ் குடிமகனாகவே இருந்தவர் சாப்ளின். அவரைப் பொதுவுடைமைக்காரர் என்று தூற்றினர். ஒழுக்கம் கெட்டவர் என்று ஏசினர். 1952 செப்டம்பரில், 'லைம்லைட்' படத்தின் முதற் காட்சிக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் நடுக்கடலில்! அந்த வேளை பார்த்து, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க சர்க்கார் ரத்து செய்தது. எதிரே நின்று சொல்லத் துணிவில்லை. கடலில் இறங்கியவனின் முதுகுக்குப் பின்னே ஆணை! கையிலே பிரம்புத் தடி தவிர ஆயுதம் ஏந்தாத நாடோடிக்கு அஞ்சியது, அணுகுண்டு வைத்திருந்த அரசு.

சாப்ளின் சுவிட்சர்லாந்திலே குடியேறினார். மறுபடி அவர் அமெரிக்க மண்ணை மிதித்தது 1972-இல், எண்பத்திரண்டு வயதில், ஆஸ்கார் மேடையில் சிறப்பு விருது பெறுவதற்காக. கூடியிருந்தோர் எழுந்து நின்று நிமிடக்கணக்கில் கை தட்டினார்கள். 1977 டிசம்பர் 25-இல் மறைந்தார்.

1991-இல் அமெரிக்க அஞ்சல் துறை, ஹிர்ஷ்பீல்டு வரைந்த நகைச்சுவையாளர் அஞ்சல் தலைகளை வெளியிட்டது. லாரல்-ஹார்டி, ஜாக் பென்னி, அபட்-காஸ்டெல்லோ என ஐந்து தலைகள். 1994-இல் ஊமைப்பட நட்சத்திரங்களுக்குப் பத்து. கீட்டன் வந்தார், மூக்குக் கண்ணாடியோடு ஹெரால்டு லாயிடு வந்தார், சாப்ளினும் வந்தார்! விலை 29 சென்ட். நாற்பத்திரண்டு ஆண்டுக்கு முன்பு, நாட்டுக்குள் வராதே என்று எந்தச் சர்க்கார் தடுத்ததோ, அதே சர்க்காரின் தபால்காரர் வீடு வீடாக அவரைக் கொண்டு போய்ச் சேர்த்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1945-இல் ஹிர்ஷ்பீல்டுக்கு மகள் பிறந்தாள். நீனா என்று பெயர். அன்று முதல் தாம் வரைகிற படங்களிலே, சட்டை மடிப்பிலோ தலைமயிரிலோ அந்தப் பெயரை ஒளித்து வைத்தார். ஒருமுறை நிறுத்திப் பார்த்தார், வாசகர்கள் விடவில்லை. பிறகு எத்தனை நீனா என்று கையெழுத்தின் அருகே எண்ணும் போட்டார். அஞ்சல் தலையிலே மறைபொருள் எதையும் வரையக் கூடாது என்பது அன்று அமெரிக்க அஞ்சல் துறையின் விதியாக இருந்தது. இந்தக் கிழவருக்காக அதைத் தளர்த்தினார்கள்.

2003 ஜனவரியில், நூறு வயதுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, அவர் மறைந்தார். அந்த அஞ்சல் தலைகள் சேகரிப்போரின் ஏடுகளில் இன்றும் இருக்கின்றன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, பூதக் கண்ணாடியும் கையுமாக நீனாவைத் தேடுகிறார்கள்.