ஒரே ஊர், இரண்டு எண்கள்

நவதிருப்பதிகளில் முதலாவது ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணிக் கரையில் கள்ளபிரான் கோயில் கொண்ட ஊர். அந்தப் பெயரைப் பலர் பல கணினிகளில் தட்டிச் சேர்த்த எக்செல் கோப்பில் ஃபில்டர் போட்டால், ஸ்ரீவைகுண்டம் இரண்டு முறை வரக்கூடும். எழுத்து எழுத்தாக உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. எக்செல்லுக்கோ அவை இரண்டு ஊர்கள். ஒன்றின் கணக்கு மற்றதில் சேராது.

காரணம் முதல் எழுத்தில் இருக்கிறது. கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதன் யூனிகோடு எண்ணைத்தான் சேமிக்கிறது. 'ஸ்ரீ' என்பதற்குத் தனி எண் கிடையாது. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி நான்கும் அடுத்தடுத்து வந்தால், எழுத்துரு அவற்றைச் சேர்த்து அந்தச் சுழித்த வடிவத்தை வரைந்துவிடும். 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பு 'ஶ' என்ற கிரந்த எழுத்துக்கும் இடம் கொடுத்தது. அதன்பின் ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற வரிசையும் அதே வடிவத்தைத் தரத் தொடங்கியது. பழைய வரிசையும் புழக்கத்தில் நிலைத்துவிட்டது. எது விழும் என்பது நாம் பயன்படுத்தும் விசைப்பலகைச் செயலியைப் பொறுத்தது.

இதை நீங்களே சோதிக்கலாம். எக்செல்லில் 'யூனிகோட்' என்றொரு சூத்திரம் உண்டு. கட்டத்திலுள்ள முதல் எழுத்தின் எண்ணைச் சொல்லும். ஸ என்றால் 3000. ஶ என்றால் 2998. கண்ணுக்கு ஒன்றேயான பெயருக்குள் இப்படி இரண்டு எண்கள் ஒளிந்திருப்பது எத்தனை முறை பார்த்தாலும் வியப்புதான்.

இந்தச் சிக்கலுக்குக் கைகொடுப்பது ஆட்டோகரெக்ட். மைக்ரோசாஃப்டின் டீன் ஹச்சமோவிச் 1990களின் தொடக்கத்தில் வேர்டுக்காக இதை உருவாக்கினார். ஆங்கிலத்தில் அவசரமாகத் தட்டும்போது எழுத்து இடம் மாறும் சொற்களைச் சரிசெய்வதே அன்றைய தேவை. அதன் சொற்பட்டியலில் நம் சொற்களையும் சேர்க்கலாம் என்பதுதான் நமக்கு முக்கியம். எக்செல்லில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போனால் இரண்டு பெட்டிகள் இருக்கும். 'ரீப்ளேஸ்' பெட்டியில் ஶ வரிசைப் பெயரையும் 'வித்' பெட்டியில் ஸ வரிசைப் பெயரையும் இட்டுச் சேர்த்துவிட்டால், இனி எப்படித் தட்டினாலும் ஒரே ஊர்தான். 'ஸ்ரீவை' என்று தட்டினால் முழுப் பெயர் விழும்படியும் செய்யலாம்.

ஆனால் இது முழுச் சொல்லைத்தான் பிடிக்கும். 'ஸ்ரீவைகுண்டத்தில்' என்று உருபு ஏறிவிட்டால் விட்டுவிடும். ஒட்டி ஒட்டி வளரும் தமிழுக்கு இது பெரிய குறை. ஊர்ப்பெயர் மட்டும் நிற்கும் நெடுவரிசையில் பரவாயில்லை. வாக்கியங்களில் பயன் குறைவு. ஏற்கெனவே தட்டிவைத்ததையும் இது தொடாது. அதற்கு கன்ட்ரோல் ஹெச் அழுத்தி மொத்தமாக மாற்ற வேண்டும். பட்டியலும் அந்தக் கணினியோடு நின்றுவிடும் என்பதால், அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியிலும் சேர்க்க வேண்டும்.

இரண்டு வரிசைகளில் எது சரி என்று வாதிடுவதைவிட, கோப்பில் எது அதிகமோ அதையே வைத்துக்கொள்வது நல்லது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பதிவு செய்கிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அடுத்த முறை கோப்பை அனுப்புமுன் 'யூனிகோட்' சூத்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.