பாட்டு உங்க தொழிலா? கணக்கும் கையெழுத்தும் முக்கியம்!

மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை என்று மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால், புதுக்கோட்டை மாவட்டக் கிராமியக் கலைஞர்களுக்கு ஓய்வு கிடையாது. மழைக்காலம் வந்தால் அழைப்பு குறைந்துவிடும். சில மாத வருமானத்தில் வருஷம் முழுக்க குடும்பம் ஓடணும்.

இதே மாவட்டத்தின் களபம் கிராமத்தைச் சேர்ந்த செந்தில்கணேஷ், 2018-ல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் பட்டம் வென்றார். கிராமியப் பாட்டுக்கு டிவி, சினிமா, யூடியூப் என்று இன்று பல வழிகள் இருக்கு. வழிகள் கூடும்போது, கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களும் கூடும். அதனால் பாட்டையும் ஒரு தொழிலாகவே திட்டமிடுங்க.

மிச்சம் எவ்வளவு?

உதாரணத்துக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு 25,000 ரூபாய் பேசுறீங்க. வேன் 4,000, கூட வரும் 4 கலைஞர்களுக்குத் தலா 3,000, உடை, சாப்பாடு 2,000. இதெல்லாம் போக உங்க கையில் நிற்பது 7,000 ரூபாய்தான். வருஷத்துக்கு 30 நிகழ்ச்சி என்றால் 2,10,000. மாதக் கணக்கில் 17,500. இந்தத் தொகையை வைத்துத்தான் வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் முடிவு பண்ணணும். தேதி, பேசிய தொகை, முன்பணம், பாக்கி நாலையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கோங்க.

தொழிலைப் பதிவு செய்யுங்க

மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். ஆதார், பான், ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இருந்தால் போதும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் போலி தளங்களும் இருக்கு, கவனம்! வங்கியில் தொழில் கடன் கேட்கும்போது இந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். நிகழ்ச்சிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் வரவு செலவு தெளிவாக இருக்கும்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

தலைமுறை தலைமுறையாக வரும் பழைய நாட்டுப்புறப் பாட்டு எந்தத் தனி நபருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீங்களே எழுதிய வரிக்கும், போட்ட மெட்டுக்கும் பதிப்புரிமை உங்களுக்கே. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றே கருதப்படும். 2012-ல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்கிறது.

அதனால் யூடியூப் சேனலோ, ரெக்கார்டிங் கம்பெனியோ காகிதம் நீட்டினால் மூணு கேள்வி கேளுங்க: எந்தெந்த உரிமை? எத்தனை வருஷம்? வரும் வருமானத்தில் என் பங்கு எவ்வளவு? பதில் காகிதத்திலேயே இல்லைன்னா, கையெழுத்துப் போடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், தெரிந்த வக்கீலிடம் காட்டுங்க.

அரசின் துணை

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரானால், பிள்ளைகளின் படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், இசைக்கருவி, ஆடை வாங்க நிதியுதவியும், நலிந்த நிலையில் உள்ள மூத்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் வழங்குகிறது. இளைஞர்கள் முறையாகக் கற்க, புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது உங்க நிகழ்ச்சி அழைப்பிதழ், போட்டோ, சான்றிதழ்கள் உதவும். இப்போதே அவற்றைப் படமெடுத்து, செல்போனில் ஒரே இடத்தில் சேர்த்து வைங்க.