கடன் அட்டையும் குடும்பக் கணக்கும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டுப் பிற மாநில நகரங்களில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்குச் செலவு இரண்டு இடங்களில் உண்டு. இங்கே வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், போக்குவரத்துச் செலவு. அங்கே பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், கோடை விடுமுறையில் ஊர் செல்ல ரயில் கட்டணம், உறவினர் இல்லத் திருமணங்களில் எழுத வேண்டிய மொய். மாதக் கடைசியில் கை சுருங்கும்போது அவசரத்துக்குக் கொடுத்து உதவ அண்டை வீட்டில் அத்தையோ மாமாவோ இல்லை. இத்தகைய இல்லங்களில் கடன் அட்டை உற்ற நண்பனைப் போல் நுழைகின்றது. அந்த நட்பு எத்தகையது என்பதை ஆராய்ந்து அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

மளிகைக் கடையில் மாதம் முழுவதும் பற்று எழுதி வாங்கி, சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பது நம் பெரியோர் நன்கு அறிந்த வழக்கம். கடன் அட்டையும் அடிப்படையில் அதுவே. மாதத்தில் ஒரு நாள் பில் போடப்படுகிறது; பிறகு பணம் கட்டுவதற்கு ஒரு கெடு நாள் குறிக்கப்படுகிறது. கெடுவுக்குள் பில் தொகை முழுவதையும் கட்டிவிட்டால் வாங்கிய பொருள்களுக்கு வட்டி இல்லை. வாங்கிய நாளைப் பொறுத்து ஏறத்தாழ 45 அல்லது 50 நாள் வரைகூடத் தவணை கிடைக்கும். ஆனால் பற்று அளவு மீறினால் மளிகைக் கடைக்காரர் முகம் சுளிப்பார். 'பழைய பாக்கி நிற்கிறதே' என்று நினைவூட்டுவார். அட்டைக்கு முகமும் இல்லை, வாயும் இல்லை. அந்தக் கடைக்காரரின் வேலையையும் நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பில்லில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று, கட்ட வேண்டிய முழுத் தொகை. மற்றொன்று, குறைந்தபட்சத் தொகை. இது பெரும்பாலும் முழுத் தொகையில் 20-இல் ஒரு பங்கை ஒட்டியிருக்கும். இந்தச் சிறு தொகையைக் கட்டினால் போதும் என்று எண்ணுவதிலிருந்துதான் துன்பம் தொடங்குகிறது. நம் நாட்டில் பல அட்டைகளுக்கு வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 3½ ரூபாயை ஒட்டியிருக்கிறது; ஆண்டுக்குக் கணக்கிட்டால் 42 ரூபாய். அந்த வட்டியின் மீது நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

ஒரு குடும்பத்துக்கு அட்டையில் 20,000 ரூபாய் பாக்கி நிற்கிறது என்று கொள்வோம். முதல் மாத வட்டி 700 ரூபாய், வரி 126 ரூபாய், ஆக 826 ரூபாய். குடும்பத் தலைவர் 1,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாயே. இனி ஒரு பொருளும் வாங்காமல், மாதம் 1,000 வீதம் தவறாமல் கட்டி வந்தாலும் கடன் தீர 44 மாதங்கள் ஆகும். கட்டிய மொத்தம் 43,000 ரூபாயைத் தாண்டும். அதே குடும்பம் மாதம் 2,000 கட்டுமானால் 14 மாதங்களில் கடன் தீர்ந்துவிடும். மொத்தம் 26,000-க்குச் சற்றே கூடுதலாகும். இந்த இரு தொகைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவுக்கும், குடும்பம் முழுவதும் ஊர் சென்று திரும்புவதற்கும் போதுமானதன்றோ!

இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாத் தவணை என்னும் சலுகை பறிபோய்விடும். புதிதாக வாங்கும் அரிசி, பருப்புக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ, அன்றே கட்டணமும் வட்டியும் தொடங்கிவிடும். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டால், ரொக்க விலைக்குக் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு, சேவைக் கட்டணம் எவ்வளவு, வட்டிப் பகுதியின் மீது வரி எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

சட்டம் நம்மைக் காக்காதா என்று சிலர் கேட்கலாம். 2008-ஆம் ஆண்டில் தேசிய நுகர்வோர் ஆணையம், கெடுவுக்குள் முழுத் தொகை கட்டாதவர்களிடம் ஆண்டுக்கு நூற்றுக்கு 30-க்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வாணிபம் என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. எனினும், 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் பாங்கி பிறப்பித்த விதிகள் சில பாதுகாப்புகளை அளித்திருக்கின்றன. நாம் கேட்காமல் அட்டை வழங்கலாகாது. நம் ஒப்புதலின்றிக் கடன் வரம்பை உயர்த்தலாகாது. பாக்கி இல்லாத அட்டையை மூடும்படி கேட்டால் 7 வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இவ்வுரிமைகளை நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

அட்டையை அளவோடு கையாள விரும்பும் குடும்பங்கள் சில பழக்கங்களை மேற்கொள்ளலாம். சம்பளம் வந்த அன்றே கணவனும் மனைவியும் உடன் அமர்ந்து, ஊருக்கு அனுப்பும் பணம் உட்பட, மாதத்தின் வரவு செலவை எழுதிவிட வேண்டும். அட்டையில் வாங்கியதை அன்றிரவே செலவுப் பக்கத்தில் குறிக்க வேண்டும். பணம் பிறகு போகும் என்றாலும் செலவு அன்றே நிகழ்ந்துவிட்டது. தீபாவளி, பொங்கல், ஊர்ப் பயணம், பள்ளித் திறப்பு ஆகியவை எதிர்பாராது வருபவை அல்ல. அவற்றின் ஓராண்டுச் செலவைப் 12-ஆல் வகுத்து மாதந்தோறும் தனியே சேர்த்து வந்தால் அட்டையை நாட வேண்டிய நிலை அரிதாகும். ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை போதும். கெடு நாளில் முழுத் தொகையும் தானாகவே செல்லும்படி பாங்கியில் எழுதிக் கொடுப்பதும் நன்று. ஆனால் குறைந்தபட்சத் தொகைக்கு அவ்வாறு எழுதிக் கொடுத்துவிடலாகாது.

முன்னரே கடனில் சிக்கியவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. முதற்கண் அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுக. பாக்கிகள் பலவாயின், மிகுந்த வட்டியுள்ளதை முதலில் தீர்க்க முற்படுக. நிலையான வருமானம் உள்ளவர்கள் பாங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று அட்டைப் பாக்கியை ஒரே முறையில் அடைப்பது இலாபமாகும். நகைக் கடனின் வட்டியும் பெரும்பாலும் அட்டை வட்டியினும் மிகக் குறைவே. ஆயினும் நகையை மீட்கும் நாளையும் வழியையும் வகுத்துக்கொண்ட பிறகே அதில் இறங்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகக் கடனை வீட்டாரிடம் மறைத்தல் கூடாது. மறைத்த கடனுக்கு ஒருவரே வழி தேட நேரும். சொல்லிவிட்டால் வீட்டார் அனைவரும் தத்தம் செலவைச் சுருக்கித் தோள் கொடுப்பர்.

ஊரை விட்டு வந்தது பிள்ளைகளுக்கு நல்வாழ்வு தேடித் தருவதற்காக. அந்த உழைப்பின் பயன் வட்டியாய்க் கரைந்து போகலாகாது. அடுத்த பில் வரும்போது குறைந்தபட்சத் தொகையைக் கடந்து முழுத் தொகையைப் பாருங்கள். அதைக் கட்ட இயலும் அளவே அந்த மாதத்தில் வாங்கியிருக்கிறோமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.